வக்கீலக்கா பதில்கள்: பாலடின் பொய் சொல்லலாமா?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, டைஸ் உருட்டி, ஆளுக்கொரு கேரக்டராகக் கதை விளையாடுபவர்களுக்கான பக்கம் இது. எனக்குப் பகலில் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ஜாமீன் மனுக்கள். சனிக்கிழமை ராத்திரி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டிராகன்கள். இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அலைன்மென்ட் (கேரக்டர் நல்லவரா கெட்டவரா, சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரா என்று குறிக்கும் இடம்) பற்றியே இருந்ததால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

நாங்கள் நாலு பேர் புதிதாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆரம்பித்திருக்கிறோம். கேரக்டர் ஷீட்டில் பெயர், கிளாஸ் (வீரரா, மந்திரவாதியா என்ற வகை) எல்லாம் எழுதியாகிவிட்டது. அலைன்மென்ட் என்ற இடத்தில் முட்டி நிற்கிறோம். ஒன்பதில் எதைப் போடுவது?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பென்சிலால் எழுதுங்கள். இல்லையென்றால் இப்போதைக்குக் காலியாக விடுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது.

ஒன்பது என்றதும் பயப்பட வேண்டாம், இருப்பது இரண்டே கேள்வி. முன்பின் தெரியாத ஒருவருக்காக உங்கள் ஆள் தனக்கு வரும் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வாரா, கண்டும் காணாமல் போவாரா, அல்லது அவரை மிதித்து மேலே ஏறுவாரா? இதற்கான பதில்கள் குட், நியூட்ரல், ஈவில். கொடுத்த வாக்கு, ஊர் வழக்கம், சட்டம், மேலே இருப்பவர் சொல் இவற்றுக்கு அவர் கட்டுப்பட்டவரா, சௌகரியப்பட்டால் கட்டுப்படுவாரா, தன் மனசு சொன்னபடிதான் போவாரா? இதற்கு லாஃபுல், நியூட்ரல், கேயாட்டிக். மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது கட்டம். இரண்டு கேள்விக்கும் நடுவில் நிற்பவர் ட்ரூ நியூட்ரல்.

இரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சட்டத்தை மதிப்பவர் எல்லாம் நல்லவர் என்று நினைப்பவர்களை ஒரு வாரம் கோர்ட் வராந்தாவில் உட்கார வைத்தால் தெளிந்துவிடுவார்கள். என் மேசையில் வந்த வில்லன்களில் எல்லோருக்கும் அதிகமாக எரிச்சலூட்டியவர் ஒரு வட்டிக்காரர். மந்திரம் தெரியாது, கத்தி பிடிக்கத் தெரியாது. ஒரு தடவைகூடச் சட்டத்தை மீறியதில்லை. கெடு முடிந்த மறுநாள் காலையில் பத்திரத்தோடும் இரண்டு சாட்சியோடும் வந்து வீட்டைப் பூட்டுவார். அவரை வெட்டப் போனால் ஊர்க்காவலர்கள் வெட்டப் போனவரைத்தான் பிடிப்பார்கள். அசல் லாஃபுல் ஈவில். டிராகனை எதிர்த்து நின்ற என் ஆட்கள் இவரிடம் தவணை கேட்டார்கள்.

உங்கள் கேரக்டர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கே சில செஷன் ஆடிய பிறகுதான் தெரியும். அதுவரை அவர் என்னென்ன செய்தார் என்று பாருங்கள். செய்ததை வைத்து எழுதும் இடம் அது. இனி செய்யவேண்டியதற்கு அங்கிருந்து உத்தரவு வாங்காதீர்கள்.

இந்தக் கட்டங்களை யார் உருவாக்கினார்கள்? நல்லது கெட்டதைப் பற்றி யோசித்து, தத்துவம் படித்தவர்கள் செய்த வேலையா?
— வாசகர், தஞ்சாவூர்

பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாட்டு ஆடியவர்கள் செய்த வேலை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா ஊர்க்காரர் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 1971-ல் செயின்மெயில் என்ற போர் விதிப்புத்தகத்தை வெளியிட்டார்கள். அதன் பின்னிணைப்பில் மாயப் பிராணிகளும் உண்டு. யாருடைய படையில் எந்தப் பிராணியைச் சேர்க்கலாம் என்று தெரிய வேண்டுமே, அதற்காக லா, நியூட்ரல், கேயாஸ் என்று மூன்று பத்தி. படைக்கு ஆள் பிரிக்கிற பட்டியல், அவ்வளவுதான். 1974-ல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோதும் அதே மூன்று பத்திதான். குட், ஈவில் என்று தனியாக ஏதும் கிடையாது. மனிதர்கள் மூன்று பத்தியிலும் இருந்தார்கள். ஓர்க்குகள் என்ற முரட்டு மாய இனத்தார் நியூட்ரலிலும் இருந்தார்கள், கேயாஸிலும் இருந்தார்கள். இந்த ஓர்க் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

லா–கேயாஸ் மோதல், பௌல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் என்ற இரண்டு கதாசிரியர்களிடமிருந்து வந்தது. ஆண்டர்சனிடம் மனிதர்களின் ஒழுங்கான உலகம் ஒரு பக்கம், மாய உலகம் எதிர்ப் பக்கம். மூர்காக்கிடம் இரண்டில் எது முழுசாக ஜெயித்தாலும் உலகத்துக்குக் கேடு; லா ஜெயித்தால் எல்லாம் உறைந்துபோகும், கேயாஸ் ஜெயித்தால் எதற்கும் உருவம் இருக்காது. விளையாடியவர்களோ லா என்றால் நல்லவர், கேயாஸ் என்றால் கெட்டவர் என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் 1976 பிப்ரவரியில் கைகாக்ஸ் தன் நிறுவனத்துப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதி, குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் போட்டு இரண்டையும் பிரித்தார். 1977-ல் வந்த தொடக்கநிலைப் பெட்டியில் ஐந்து அலைன்மென்ட், 1978-ல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிப்புத்தகத்தில் ஒன்பது. 2008-ல் நாலாம் பதிப்பு திரும்ப ஐந்தாகக் குறைத்தது. பழைய ஆட்டக்காரர்கள் போட்ட சத்தம் கொஞ்சமில்லை. 2014-ல் ஒன்பதும் திரும்பி வந்தன.

பக்கம் பிரிக்க வந்த பட்டியலை மனசாட்சியின் அளவுகோலாக மாற்றியதில்தான் நம் மேசைச் சண்டைகளில் பாதி ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி.

என் பாலடின் (சபதம் எடுத்த புனித வீரர்) இருந்த கிராமத்துக்குக் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். குழந்தைகள் எங்கே என்று கேட்டார்கள். தானியக் குதிரில் ஒளித்துவைத்துவிட்டு "வடக்கே ஓடிவிட்டார்கள்" என்றேன். டிஎம் (கதையை நடத்துபவர்) உடனே, "பொய் சொன்னாய், லாஃபுல் குட் போச்சு, சக்தி எல்லாம் போச்சு" என்றார். இரண்டு வாரமாக வெறும் ஃபைட்டராக அலைகிறேன். இது நியாயமா அக்கா?
— வெறுத்துப்போன வீரன், சேலம்

தம்பி, அப்பீல் போடலாம். ஆனால் முதலில் எந்தப் பதிப்பு என்று சொல்ல வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு சட்டம் வேறு.

1978 புத்தகத்தின்படி பாலடின் லாஃபுல் குட்டாக மட்டுமே இருக்க முடியும். அதிலேயே இரண்டு வகைக் குற்றம் பிரித்திருக்கிறார்கள். தெரிந்தே கேயாட்டிக்கான செயலைச் செய்தால், ஏழாம் லெவலோ அதற்கு மேலோ உள்ள லாஃபுல் குட் கிளெரிக் (பூசாரி) ஒருவரைத் தேடிப் போய் ஒப்புக்கொண்டு பிராயச்சித்தம் செய்தால் போதும். தெரிந்தே, மனமுவந்து ஈவில் செயலைச் செய்தால்தான் பாலடின் பதவி அந்த நொடியிலேயே, நிரந்தரமாகப் போகும். "தெரிந்தே" என்ற அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கைகாக்ஸ் மீது மரியாதை வந்துவிட்டது. குற்ற மனம் இல்லாமல் குற்றம் இல்லை என்று நாங்கள் தினமும் வாதாடுவதும் அதைத்தானே. குழந்தைகளைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஈவில் என்று நிரூபிக்க உங்கள் டிஎம்மால் முடியாது. ரொம்பப் போனால் முதல் வகை. ஒரு கிளெரிக், கொஞ்சம் விரதம், கேஸ் முடிந்தது.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் பாலடினுக்கு ஒரு நடத்தை விதி உண்டு. பொய் சொல்லாதே, ஏமாற்றாதே, விஷம் வைக்காதே என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. அதே விதியில் உதவி தேவைப்படுபவருக்கு உதவு என்றும் இருக்கிறது. சக்தி போக வேண்டுமென்றால் வேண்டுமென்றே ஈவில் செயல் செய்திருக்க வேண்டும், அல்லது அந்த விதியைப் படுமோசமாக மீறியிருக்க வேண்டும். இது எதுவென்று டிஎம் சொல்லட்டும்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு என்றால் உங்கள் டிஎம் தவறான சட்டப் பிரிவில் தண்டனை கொடுத்திருக்கிறார். அதில் பாலடின் எந்த அலைன்மென்ட்டாகவும் இருக்கலாம். அவரைக் கட்டுப்படுத்துவது அவர் எடுத்த சபதம். டிவோஷன் சபதம் எடுத்திருந்தால் பொய் சொல்லக்கூடாது என்பது அதன் முதல் வாசகம், அந்த அளவுக்கு டிஎம் பக்கம் ஒரு பிடி இருக்கிறது. ஆனால் எளியவர்களைக் காப்பாற்று என்பதும் அதே சபதத்தில் இருக்கிறது. இரண்டு வாசகமும் மோதும்போது பாலடின் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும். வெஞ்சன்ஸ் சபதம் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, எந்த வழியிலாவது எதிரியை முடி என்பது அவர்களுடைய பாடம். அப்படியே சபதம் முறிந்தாலும், ஒரு ராத்திரி கண்விழித்துப் பிரார்த்தனை, விரதம் என்று வழி சொல்லியிருக்கிறார்கள். வேண்டுமென்றே மீறிவிட்டு வருத்தமும் படாதவருக்குத்தான் பெரிய தண்டனை.

புரைதீர்ந்த நன்மை தரும் பொய்யும் வாய்மைதான் என்று வள்ளுவர் எழுதியிருக்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் பாலடினின் தெய்வம் வள்ளுவரைப் படித்திருக்கிறதா என்று டிஎம் திருப்பிக் கேட்பார். அந்த வழியில் போக வேண்டாம்.

இதில் எனக்குக் கோபம் வருவது தண்டனையைப் பற்றியே இல்லை. நோட்டீஸ் கொடுக்காமல் தண்டித்ததைப் பற்றி. நீங்கள் வாயைத் திறந்த அந்த நொடியில் டிஎம் கையைக் காட்டி நிறுத்தி, "உன் கழுத்தில் கிடக்கும் சின்னம் சுடுகிறது. பொய் சொன்னால் உன் தெய்வத்துக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். சொல்கிறாயா?" என்று கேட்டிருக்க வேண்டும். நீங்கள் "சொல்கிறேன்" என்றிருந்தால் எப்பேர்ப்பட்ட காட்சி அது! சக்தி போகும் என்று தெரிந்தே குழந்தைகளைக் காப்பாற்றிய பாலடின். அதற்கப்புறம் சக்தி போனாலும் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

இந்தப் பக்கத்தை அப்படியே டிஎம்மிடம் காட்டுங்கள். மசியவில்லை என்றால் பிராயச்சித்தப் பயணம் ஒன்று கேளுங்கள். இரண்டு செஷனுக்கு நல்ல கதை கிடைக்கும்.

எங்கள் பார்ட்டியில் (சேர்ந்து சாகசம் போகும் குழுவில்) ஒருவர் கேயாட்டிக் நியூட்ரல் திருடன். தூங்கும்போது எங்கள் பையிலிருந்தே பொற்காசு எடுக்கிறார். பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் ராஜாவின் கிரீடத்தைத் தட்டிவிட்டார். கேட்டால், "நான் என்ன செய்ய, என் கேரக்டர் அப்படி" என்கிறார்.
— பறிகொடுத்தவர், திருச்சி

அந்தக் கேரக்டரை உருவாக்கியது யார்? கையெழுத்து யாருடையது? அவரைத்தான் கேட்க வேண்டும்.

இந்த வியாதிக்குப் புத்தகத்துக்கும் பங்கு உண்டு. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு கேயாட்டிக் நியூட்ரலைப் பைத்தியக்காரர்களின் அலைன்மென்ட் போலவே வர்ணித்தது. ஒரே ஒரு டைஸ் உருட்டலில் சொத்து முழுவதையும் சிரித்துக்கொண்டே வைத்து இழப்பவர்கள் இவர்களில் உண்டு என்று எழுதியிருந்தது. அதைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறைக்குக் கேயாட்டிக் நியூட்ரல் என்பது கலாட்டா செய்ய லைசென்ஸ். இப்போதைய புத்தகம் சொல்வது வேறு: தன் சுதந்திரத்தை எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பவர். அப்படிப்பட்டவர் தன் முதுகைக் காக்கும் நாலு பேரின் காசைத் திருடுவாரா? அடுத்த குகையில் அந்த நாலு பேர் வேண்டாமா?

அவரோடு மேசையில் வாதாடாதீர்கள். கதைக்குள்ளேயே காலையில் எழுந்து, காசு காணோம் என்று தெரிந்ததும், உங்கள் கேரக்டர்கள் அவரை விட்டுவிட்டு நடக்கட்டும். அவர் கேட்டால், "நான் என்ன செய்ய, என் கேரக்டர் அப்படி" என்று சொல்லுங்கள்.

பாலடினுக்கு டிடெக்ட் ஈவில் சக்தி இருக்கிறது. சந்தையில் போட்டுப் பார்த்து, ஈவில் என்று தெரிந்தவனை வெட்டினால் என்ன தப்பு?
— வாசகர், நாகர்கோவில்

கொலை, வேறென்ன. கெட்ட மனசு வைத்திருப்பது எந்த ஊரிலும் குற்றமில்லை. என் வட்டிக்காரர்கூட அந்தச் சந்தையில் ஈவில் என்று காட்டுவார். சட்டப்படி அவர் மேல் ஒரு கேஸும் நிற்காது. இந்தத் தொல்லை தாங்காமலோ என்னவோ, ஐந்தாம் பதிப்பில் அந்த மந்திரத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது அது பிசாசு, பிணப்பிராணி, தேவலோகத்தார் மாதிரியான இனங்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும் காட்டும். மனுஷன் மனசைக் காட்டாது.

கர்ணன் எந்தக் கட்டம்?
— பலர்

மாதாமாதம் வருகிறது இந்தக் கேள்வி. கர்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆசிரியர் கூடுதல் பக்கம் தரமாட்டார். பதிலாகக் கும்பகர்ணனையும் விபீடணனையும் பாருங்கள். அண்ணன் செய்தது தப்பு என்று இரண்டு தம்பிகளுக்கும் தெரியும், இரண்டு பேரும் முகத்துக்கு நேரே சொன்னவர்கள். ஒருவர் சோறு போட்ட கடனுக்குச் சாகப் போனார், இன்னொருவர் தர்மத்துக்காகப் பக்கம் மாறினார். முதலாமவர் லாஃபுல், இரண்டாமவர் நியூட்ரல் குட் என்று என் மேசையில் தீர்ப்பு. போன தீபாவளிக்கு என் தம்பி இதை எதிர்த்து எழுந்தவர் பாயசம் ஆறும்வரை உட்காரவில்லை.

எங்கள் பார்ட்டி ஒரு குகையில் காப்ளின்கள் என்ற குட்டையான மாயப் பிராணிகளை அடித்து முடித்தது. உள்ளறைக் கதவைத் திறந்தால் பெண்களும் குழந்தைகளும். "மான்ஸ்டர் மேன்யுவலில் (பிராணிகளின் விவரப் புத்தகத்தில்) ஈவில் என்று போட்டிருக்கிறது, விட்டால் வளர்ந்து வந்து நம்மை அடிக்கும்" என்று இரண்டு பேர் வாளை உருவினார்கள். ஒரு தோழி மேசையை விட்டு எழுந்துபோய்விட்டார். யார் பக்கம் நியாயம்?
— டிஎம், சிங்கப்பூர்

எழுந்துபோனவர் பக்கம்.

இந்தக் காட்சி உங்கள் மேசையில் மட்டும் வந்ததில்லை, இந்த விளையாட்டில் ரொம்பப் பழையது. கைகாக்ஸ் எழுதிய "தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்" என்ற சாகசம் 1980 வாக்கில் தொடக்கநிலைப் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்கப்பட்டது. எத்தனையோ பேருக்கு முதல் ஆட்டமே அதுதான். அதில் வரும் குகைகளில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, குட்டிகள் இத்தனை என்று கணக்கு இருக்கும். அவர்களை என்ன செய்வது என்று இருக்காது. அப்போதிருந்து மேசைக்கு மேசை உங்கள் சண்டைதான்.

கைகாக்ஸ் தன் கருத்தைப் பிறகு சொல்லவும் செய்தார். 2005-ல் வாசகர்களுக்கு எழுதிய பதிலில், இந்த மாதிரி இடத்தில் லாஃபுல் குட் பாத்திரம் கொல்வது தவறில்லை என்று வாதாடியவர், ஈறுதான் பேனாகும் என்ற பொருளில் ஓர் ஆங்கிலப் பழமொழியைத் துணைக்கு அழைத்தார். அந்தப் பழமொழி கர்னல் ஜான் சிவிங்டனோடு சேர்த்துப் பேசப்படுவது. 1864 நவம்பர் 29-ல் கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் செயென், அரபாஹோ மக்களின் முகாமைத் தாக்கிப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற படைக்குத் தலைவர் சிவிங்டன். கைகாக்ஸுக்கு இது தெரியாமல் இல்லை. சிவிங்டன் பெயரைச் சொல்லியேதான் எழுதினார். அவர் உருவாக்கிய விளையாட்டை நான் ஆசையாக ஆடுகிறேன். இந்த ஒரு விஷயத்தில் அவர் தீர்ப்பை ஏற்க மாட்டேன்.

ஏன் என்றால் நான் மதுரைக்காரி. பிறப்பிலேயே குற்றவாளி என்று ஒரு கூட்டத்தையே பட்டியலில் எழுதிய சட்டம் எங்கள் பக்கத்தில் இருந்தது. 1871-ல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஆண்கள் ரேகை வைக்க வேண்டும், ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் போலீஸ் சுட்டது. சட்டம் இங்கே ரத்தாக 1947 வரை ஆனது. உசிலம்பட்டிப் பக்கம் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்தக் கதையைச் சொல்ல ஒருவர் இருப்பார். அங்கெல்லாம் கட்சிக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்து, ராத்திரி மேசையில் "காப்ளின் என்றாலே ஈவில்" என்று படிக்க எனக்கு நாக்கு வராது.

இது வெறும் கற்பனைப் பிராணி, இதற்குப் போய் இவ்வளவா என்பார்கள். சரி. பிசாசு விஷயத்தில் நானும் அதை ஒத்துக்கொள்கிறேன். தீமையையே பிசைந்து செய்த பிராணி என்று கதை சொன்னால் அதற்குக் குழந்தை குட்டி, அடுப்பு, தாலாட்டு எல்லாம் வைக்கக்கூடாது. அவற்றை வைத்துவிட்டால் அது ஒரு சமூகம். அப்புறம் ஆளுக்கு ஆள்தான் விசாரிக்க வேண்டும்.

புத்தகங்களும் மெதுவாக இந்தப் பக்கம்தான் வந்திருக்கின்றன. மூன்றாம் பதிப்பின் மான்ஸ்டர் மேன்யுவல் "எப்போதும்", "பெரும்பாலும்", "பல சமயம்" என்று படி வைத்தது. ஓர்க்குகளுக்குப் "பல சமயம்" என்றுதான் போட்டது. 2004-ல் வந்த எபரான் என்ற ஆட்ட உலகத்தில் காப்ளின்களுக்கு ஒரு பழைய பேரரசே உண்டு, இனத்தை வைத்து அலைன்மென்ட்டை ஊகிக்க முடியாது. 2021-ல் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் இனங்களுக்கு எழுதியிருந்த அலைன்மென்ட் வரிகளை நீக்கினார்கள். 2024 பதிப்பில் ஓர்க் நீங்களே எடுத்து ஆடக்கூடிய கேரக்டர். 1974-ல் நியூட்ரல் பத்தியில் நின்ற ஓர்க் சுற்றிவளைத்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

நீங்கள் டிஎம் என்பதால் உங்களுக்கு இரண்டு வார்த்தை. அந்த அறையை ஏன் வைத்தீர்கள்? புத்தகத்தில் இருந்தது என்று வைத்திருந்தால் அடுத்த முறை எடுத்துவிடுங்கள். வாள் சண்டை ஆடி ஓய்வெடுக்க வந்தவர்களிடம் கேட்காமல் இதை எடுத்து நீட்டுவது முறையில்லை. யோசிக்க வைக்கவே வைத்தீர்கள் என்றால், முதல் செஷனுக்கு முன்பே "இப்படிப்பட்ட இடங்கள் வரும், சம்மதமா" என்று கேட்டிருக்க வேண்டும். அப்புறம் அந்தக் காப்ளின்களுக்கு வாய் கொடுங்கள். வயசான ஒருத்தி முன்னால் வந்து, "எங்கள் ஆட்கள் செத்தாச்சு. இந்தப் பிள்ளைகளை எந்த ஊருக்குக் கூட்டிப்போகட்டும்?" என்று கேட்கட்டும். பேசத் தெரிந்த பிராணிக்கு எதிரே உருவிய வாளோடு எவ்வளவு நேரம் நிற்பார்கள் பார்ப்போம்.

அந்தத் தோழிக்குப் போன் செய்யுங்கள். இந்தப் பக்கத்தைப் படித்துக்காட்டுவதற்கு முன்னால்.

என் மகனுக்கு 15 வயது. நண்பர்களோடு ஆடும்போது ஈவில் கேரக்டர்தான் வேண்டும் என்கிறான். புத்தகத்தில் பிசாசுப் படங்கள் வேறு. தடுக்க வேண்டுமா?
— ஒரு தாய், கோவை

உங்கள் பயம் புதிதில்லை. 1983-ல் அமெரிக்காவில் இந்த விளையாட்டை எதிர்ப்பதற்கென்றே ஓர் அமைப்பு தொடங்கினார்கள். தேவாலயங்களிலும் டிவியிலும் பெரிய விவாதம் நடந்தது. 1989-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது டெமன், டெவில் என்ற பெயர்களையும் அசாசின் கிளாஸையும் எடுத்துவிட்டார்கள். பிறகு அதே பிசாசுகள் டனாரி, பாடேசு என்று வாயில் நுழையாத பெயர்களோடு உள்ளே வந்தன. கொம்பு, வால், குணம் எதுவும் மாறவில்லை.

பதினைந்து வயதில் வில்லனாக ஆட ஆசை வருவது இயல்பு. எந்த நாடகத்திலும் வில்லன் வேஷத்துக்குத்தான் போட்டி. நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: அவனுடைய கேரக்டர் கதையில் வரும் ஆட்களைக் கொடுமைப்படுத்துகிறதா, அல்லது அந்தச் சாக்கில் அவன் எதிரே உட்கார்ந்திருக்கும் பையனைச் சீண்டுகிறானா? முதலாவது நடிப்பு. இரண்டாவது நடந்தால் அலைன்மென்ட்டை விட்டுவிட்டுப் பையனிடம் பேசுங்கள். ஒரு நாள் பஜ்ஜி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

பார்ட்டி முழுக்க ஈவில் என்றால் கவலையே வேண்டாம். புதையல் பிரிக்கும்போது அவர்களே ஒருவரையொருவர் முடித்துவிட்டு, புது ஷீட் எடுத்து எழுத உட்காருவார்கள்.

அலைன்மென்ட்டே இல்லாத விளையாட்டுகள் உண்டா? இந்தச் சண்டை போதும் என்றாகிவிட்டது.
— வாசகி, புதுச்சேரி

நிறைய. கால் ஆஃப் துலு 1981-லிருந்து நல்லவரா கெட்டவரா என்று கேட்பதே இல்லை. உங்களுக்குப் புத்தி இன்னும் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் கணக்கு வைக்கும். 1991-ல் வந்த வேம்பயர்: தி மாஸ்கரேடில் ஹ்யூமானிட்டி என்று ஓர் எண். நீங்கள் செய்யும் ஒவ்வொரு கொடுமைக்கும் அது இறங்கலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து கிளைத்த பாத்ஃபைண்டர்கூட 2023-ல் அலைன்மென்ட்டைக் கைவிட்டு, உங்கள் தெய்வமோ கொள்கையோ எதைச் செய்யச் சொல்கிறது, எதைச் செய்யக்கூடாது என்கிறது என்று இரண்டு பட்டியல் போதும் என்றுவிட்டது. வக்கீல் கண்ணுக்கு அது மிக நல்ல மாற்றம். "நல்லவனாக இரு" என்பதை வைத்து வழக்கு நடத்த முடியாது. "கைதியைக் கொல்லாதே" என்பதை வைத்து நடத்தலாம்.

எனக்குப் பிடித்தது பென்ட்ராகன். கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985-ல் ஆர்தர் ராஜாவின் வீரர்களை வைத்துச் செய்தது. அதில் இரக்கம்–கொடூரம், அடக்கம்–கர்வம், நேர்மை–வஞ்சம் என்று 13 ஜோடிக் குணங்கள். ஒவ்வொரு ஜோடியின் கூட்டுத்தொகையும் 20. இரக்கம் 13 என்றால் கொடூரம் 7. நெருக்கடியான இடத்தில் டைஸ் உருட்டினால் உங்கள் வீரர் நீங்கள் நினைக்காததைச் செய்துவிடலாம். இரக்கம் 16 வைத்திருந்த என் வீரர் ஒரு தடவை சரணடைந்தவனை வெட்டிவிட்டார். டைஸ் அப்படி விழுந்தது. அதற்கப்புறம் அந்த வீரரை எப்படி ஆடுவது என்று யோசித்ததில் எனக்கு ஒரு வாரம் தூக்கம் கெட்டது. ஒன்பது கட்டத்தில் எதுவும் எனக்கு அப்படிச் செய்ததில்லை. கிடைத்தால் ஒரு முறை ஆடிப் பாருங்கள்.

ட்ரூ நியூட்ரல் ட்ரூயிட் (இயற்கையை வழிபடும் மந்திரவாதி) எடுத்திருக்கிறேன். நன்மை, தீமை இரண்டையும் சமமாக வைப்பது என் கடமை என்கிறார் டிஎம். அப்படியென்றால் நாங்கள் ஜெயிக்கும்போது நான் எதிரிப் பக்கம் போக வேண்டுமா?
— குழப்பத்தில் இருப்பவர், ஈரோடு

சிரிக்காதீர்கள், இரண்டாம் பதிப்பில் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதியிருந்தது. நால்கள் என்ற கழுதைப்புலி முகப் பிராணிகளை அடக்க ஊர்ப் பிரபுவோடு சேரும் ட்ரூயிட், நால்கள் அழியப் போகும் நிலை வந்ததும் விலகிவிடலாம், பக்கமும் மாறலாம் என்று உதாரணமே கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்து ட்ரூயிட்டுக்கு வேறு அலைன்மென்ட்டும் கிடையாது.

உங்கள் டிஎம் அந்தப் புத்தகத்தில் வளர்ந்தவராக இருக்கும். இப்போதைய விதியில் ட்ரூயிட் எந்தக் கட்டத்திலும் இருக்கலாம், நியூட்ரல் என்றால் பக்கம் எடுக்கத் தயங்குபவர், அவ்வளவுதான். தராசு பிடிக்கும் கட்டாயம் எதுவும் இல்லை. காட்டைப் பாருங்கள், மழையைப் பாருங்கள், ஓநாயாக மாறிக் கடியுங்கள். டிஎம் விடாப்பிடியாகச் சொன்னால், அடுத்த சண்டையில் பார்ட்டி ஜெயிக்கும் நேரத்தில் எழுந்து எதிரிக்கு ஒரு ஹீலிங் மந்திரம் போடுங்கள். உங்கள் கூட்டாளிகள் நாலு பேரும் சேர்ந்து அன்று ராத்திரியே டிஎம்மிடம் பேசி விதியை மாற்றிவிடுவார்கள்.

(அடுத்த மாதம்: செத்துப்போன கேரக்டரைத் திரும்ப எழுப்புவது பற்றிய கேள்விகள். எழுதுகிறவர்கள் எந்தப் பதிப்பு என்பதைத் தயவுசெய்து முதல் வரியிலேயே எழுதுங்கள்.)